கற்பனைக் கனியம் கொண்டு புவிச்சரிதவியல் கற்பித்தல்: மணலிலிருந்து கதை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

"வேற்றுக் கிரகத்துக் கனியம் ஒன்றைக் கற்பனை செய்து எழுதுங்கள்" என்று ஒரு வகுப்பிடம் சொன்னால் என்ன வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். நிறம் பச்சை. இருட்டில் ஒளிரும். ஒரு துண்டு இருந்தால் மட்டக்களப்பு முழுவதற்கும் நூறு வருடத்துக்கு மின்சாரம் கிடைக்கும். அதைத் திருட ஒரு கூட்டம் அலையும். அரை மணி நேரத்தில் கொப்பிகள் நிரம்பிவிடும். கனியம் என்றால் என்ன என்பது மட்டும் யாருக்கும் தெரிந்திருக்காது.

பிழை பிள்ளைகளிடம் இல்லை, வேலையின் வரிசையில் இருக்கிறது. சக்தியை முதலில் எழுதிவிட்டால் வன்மை, அடர்த்தி, பளிங்கு அமைப்பு எல்லாம் பிறகு ஒட்டிவைக்கும் அலங்காரமாகிவிடும். ஆகவே இங்கே வரிசை தலைகீழ்: முதலில் கையில் மணல், அடுத்து உலகம், அடுத்து மூலகம், அடுத்து பண்பு, அதன் பிறகுதான் அதிசயம். தரம் 9 முதல் 11 வரையான வகுப்புகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். விஞ்ஞானப் புனைகதை எழுதுகிறவர்கள் தனியாகவும் செய்யலாம். எட்டாம் படிக்கு மட்டும் ஒரு நண்பரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

ஒரு காலை நேரம் கடற்கரையில், பிறகு வகுப்பில் நான்கு பாடவேளைகள். இதற்குக் குறைத்தால் கடைசிப் படிகள் ஓடி முடிக்கும் வேலையாகிவிடும்.

பொருட்கள் எல்லாம் மலிவானவை: 0.1 கிராம் வரை காட்டும் சிறிய மின் தராசு, தையல் நூல், பிளாஸ்டிக் கோப்பை, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, செப்புக் கம்பித் துண்டு, பழைய உருக்குக் கத்தி, விளிம்பு தேய்த்த கண்ணாடித் துண்டு, தேசிக்காய். கல்லை உரசி அதன் தூள் விடும் கீற்றின் நிறத்தைப் பார்க்க, குளியலறை டைல்ஸ் ஒன்றின் மினுக்கம் பூசாத பின்பக்கமும் வேண்டும். காந்தம் இரண்டு வகை இருந்தால் நல்லது: பழைய ஒலிபெருக்கியில் இருக்கும் சாதாரணக் காந்தம், கழித்துப் போட்ட கணினியின் வன்தட்டில் இருக்கும் வலிய நியோடைமியம் காந்தம். இரண்டும் ஏன் என்பது அடுத்த படியில் புரியும்.

இரண்டு இடங்களில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். செப்புக் கம்பிக்குப் பதிலாகச் சில்லறைக் காசை எடுப்பது ஒன்று. வெளிநாட்டுப் பாடநூல்கள் செப்பு நாணயத்தை வன்மை 3 (கீறலைத் தாங்கும் அளவு, 1 முதல் 10 வரை) என்று கொள்ளச் சொல்லும். நம் கையில் இன்று புழங்கும் காசுகளில் பெரும்பாலானவை உருக்கில் ஆனவை. அவற்றால் கீறிப் பார்த்தால் அட்டவணையே பிழைக்கும். இரண்டாவது, டைல்ஸுக்குப் பதிலாக உடைந்த தயிர்ச் சட்டி ஓட்டில் உரசிப் பார்ப்பது. ஓடு தானே சிவப்பு. அதில் சிவந்த கீற்று விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஓடு மென்மையானதும்கூட, கல்லின் தூளுக்குப் பதிலாக ஓட்டின் தூள்தான் உதிரும்.

2. கதையை விடுங்கள், மணலை அள்ளுங்கள்

மாரியில் கடல் கொந்தளித்து அடங்கிய பிறகு, தை, மாசி மாதங்களில் போங்கள். கல்லடியானாலும் சரி, திருக்கோவில் பக்கமானாலும் சரி, அலை ஏறி இறங்கும் எல்லைக்கு மேலே கருமையான கீற்றுகள் படிந்திருக்கும். அலை மணலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பும்போது இலேசான மணிகளை இழுத்துச் செல்கிறது, பாரமானவை பின்தங்கிவிடுகின்றன. வெள்ளை மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸின் அடர்த்தி, கன சென்டிமீற்றருக்கு 2.65 கிராம். கருமணலில் அதிகம் இருக்கும் இல்மனைட்டுக்கு ஏறத்தாழ 4.7. கடல் இந்த வித்தியாசத்தை வருடக்கணக்காகச் சலித்துக் கொடுத்திருக்கிறது. இதே வேலையைப் பெரிய அளவில் செய்த இடம்தான் வடக்கே திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை.

கரண்டியால் ஆழமாகத் தோண்டாதீர்கள். ஒரு பழைய அட்டையின் விளிம்பால் மேற்படையை மட்டும் வழித்தெடுங்கள். தோண்டினால் கீழே உள்ள வெள்ளை மணலும் கலந்து, கடல் பிரித்து வைத்ததை நீங்களே குழப்பிவிடுவீர்கள். வகுப்புக்கு ஒரு தயிர்க் கோப்பை அளவு போதும். கூடுதலாக எடுக்காததற்கு இரண்டு காரணங்கள் உண்டு: மணல் அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், கருமணலில் தோரியம் கொண்ட மொனசைட்டும் சிறிதளவு இருக்கலாம் என்பதால் அதைப் பை பையாக வகுப்பறையில் அடுக்கிவைப்பது சரியல்ல. ஒரு கோப்பையைக் கையாண்டுவிட்டுக் கை கழுவினால் போதும்.

அடுத்தது அரிப்பு. சிரட்டையில் ஒரு பிடி மணலும் நிறையத் தண்ணீரும் எடுத்து, சுழற்றிச் சுழற்றி விளிம்பால் வழியவிடுங்கள். வெள்ளை மணிகள் போகும், கறுப்பும் சிவப்பும் அடியில் தங்கும். உலர்ந்ததும் காந்தத்தைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மணலின்மேல் நகர்த்துங்கள். பை இல்லாமல் வெறும் காந்தத்தை மணலில் வைத்தால் அன்றைய பாடம் காந்தத்தைச் சுத்தம் செய்வதில் முடிந்துவிடும்.

சாதாரணக் காந்தத்தில் பாய்ந்து ஒட்டுகிறவை மக்னட்டைட்டு மணிகள். கைக்கு வரும் அளவு குறைவாகவே இருக்கும். அதன் பிறகு வலிய காந்தத்தைக் கொண்டுவந்தால் மீதிக் கறுப்பு மணிகளில் பெரும்பகுதி மெல்ல எழும்பும். அது இல்மனைட்டு. இளஞ்சிவப்பு மணிகளும் சில தயங்கித் தயங்கி வரும். அது கார்னட். எதற்கும் அசையாமல் கிடப்பவற்றில் குவார்ட்ஸும், வில்லையின் கீழ் பளிச்சென்று மின்னும் சிர்கோனும் இருக்கும். "கறுப்பு என்றால் இரும்பு, இரும்பென்றால் காந்தம் இழுக்கும்" என்று நம்பி வந்த பிள்ளை இங்கேதான் முதல் தடவை நிமிர்ந்து பார்க்கும். ஒரே நிறம், இரண்டு கனியங்கள்: இதைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். பிள்ளைகள் தாமாகச் சொல்லும்வரை காத்திருங்கள்.

3. எது கனியம், எது இல்லை

இயற்கையில் உண்டானதா? திண்மமா? குறிப்பிட்ட இரசாயனச் சூத்திரம் உண்டா? அணுக்கள் ஒழுங்கான கட்டமைப்பில் அடுக்கப்பட்டுள்ளனவா? உயிரின் உதவியில்லாமல் உண்டாகக்கூடியதா? இந்த ஐந்து கேள்விகளையும் மனப்பாடம் செய்யச் சொன்னால் அடுத்த நாளே மறந்துவிடுவார்கள். பொருட்களைக் கொடுத்து வாதாடவிடுங்கள்: பனிக்கட்டி, அலையில் தேய்ந்த போத்தல் கண்ணாடி, சிப்பி ஓடு, சிரட்டைக் கரி, கறியுப்பு, பித்தளைக் குத்துவிளக்கு.

இயற்கையில் உறைந்த பனிக்கட்டி கனியம்தான் என்று கேட்டால் பெரியவர்களே நம்ப மறுப்பார்கள். கண்ணாடி இல்லை, மனிதர் செய்தது, அதன் அணுக்களும் ஒழுங்காக அடுக்கப்படவில்லை. சிப்பி ஓட்டில் தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கும், ஏனெனில் அது கல்சியம் காபனேற்று. ஆனால் ஓர் உயிரி கட்டிய வீடு அது. இந்த எல்லையில் விஞ்ஞானிகளே ஒருமித்துப் பேசுவதில்லை. வாதம் நீண்டால் நிறுத்தாதீர்கள்.

புனைகதையில் அதிகம் சறுக்கும் இடம் பாறை, கனியம், தாது, உலோகம் என்ற நான்கையும் ஒன்றாக்கிவிடுவது. பாறை என்பது பெரும்பாலும் பல கனியங்களின் கலவை. கனியம் ஒரு சேர்வை, சிலவேளை தனி மூலகம். இலாபகரமாகப் பிரித்தெடுக்கக்கூடிய அளவுக்குத் தேவையான கனியம் இருக்கும் பாறைதான் தாது. உலோகம் பெரும்பாலும் அந்தத் தாதுவை உருக்கியோ வேறு விதமாகத் தாழ்த்தியோ கடைசியில் கிடைப்பது. கதையில் நாயகன் நிலத்திலிருந்து பளபளக்கும் வாள் உலோகத்தைக் கட்டியாக உடைத்து எடுக்கிறான் என்றால், தங்கம், செம்பு போன்ற ஒரு சிலவற்றைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் அது பொய். நடுவில் ஓர் உலை வேண்டும். அந்த உலையே ஒரு நல்ல அத்தியாயமாகலாம் என்பதை எழுதுகிறவர்கள் கவனிப்பதில்லை.

4. உலகத்தைத் தீர்மானியுங்கள்

கனியம் என்பது தான் உண்டான இடத்தின் சாட்சி. ஆகவே அதைப் படைப்பதற்கு முன் அதன் உலகத்துக்கு நான்கு விபரங்களாவது வேண்டும்: வெப்பநிலை, அமுக்கம், நீர் உண்டா, சுயாதீன ஒட்சிசன் உண்டா. இவற்றை எழுதாத குழுவை அடுத்த படிக்கு விடாதீர்கள். பின்னால் எழும் "இது ஏன் உருகவில்லை?" போன்ற கேள்விகளுக்கு இங்கே பதில் இல்லாவிட்டால் வேறெங்கும் இருக்காது.

உண்மையான உலகங்கள் மூன்றைக் காட்டுங்கள். வெள்ளியின் தரையில் ஏறத்தாழ 460 பாகை செல்சியஸ் வெப்பம், ஈயம் உருகிவிடும். சனியின் துணைக்கோள் டைட்டனில் மறை 179 பாகை. அங்கே தண்ணீர்தான் பாறை, மெதேன்தான் மழை. மூன்றாவது நமது சந்திரன். 1969இல் அப்பலோ 11 கொண்டுவந்த கற்களில், அதுவரை பூமியில் அறியப்படாத ஒரு கனியம் இருந்தது. ஆம்ஸ்ட்ரோங், ஓல்ட்ரின், கொலின்ஸ் மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அதற்கு ஆமல்கொலைட்டு என்று பெயர் வைத்தார்கள். அதற்குள் இருப்பவை மகனீசியம், இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன். பிள்ளைகள் சிரட்டையில் அரித்தெடுத்த இல்மனைட்டிலும் இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன்தான். சந்திரனுக்கென்று தனி மூலகங்கள் இல்லை. நிலைமை மாறியது, அடுக்கு மாறியது, புதுக் கனியம் பிறந்தது. அடுத்த படிக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

வழமையான பிழை: வளியில் ஒட்சிசனும் இல்லை, நீரும் இல்லை என்று எழுதிவிட்டு நிலமெல்லாம் துருச் சிவப்பு என்று வர்ணிப்பது. துருவுக்கு ஒட்சிசன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். "முன்பு கடல் இருந்தது, வற்றிவிட்டது" என்று ஒரு குழு பதில் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். கதைக்கு ஒரு கடந்த காலம் கிடைத்துவிட்டது.

5. மூலகங்களும் சூத்திரமும்

புது மூலகம் கண்டுபிடிக்கத் தடை. ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கெஞ்சுவார்கள், இளகிவிடாதீர்கள். ஆவர்த்தன அட்டவணை 1 முதல் 118 வரை இடைவெளியின்றி நிரம்பியிருக்கிறது. 82ஆம் இலக்க ஈயத்துக்கு அப்பால் முற்றிலும் நிலையான மூலகம் எதுவும் இல்லை. 118ஆவது ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கனில் சிதைந்துவிடும். "119ஆவதில் செய்த கல்" என்று எழுதினால் அந்தக் கல்லைக் கையில் எடுக்கவே நேரம் இருக்காது. அண்டத்தின் எந்த மூலையிலும் மூலகங்கள் இவைதான். வேறுபடுவது அளவும் அடுக்கும்.

சூத்திரம் எழுதும் விதத்தை இல்மனைட்டை வைத்தே காட்டுங்கள். ஓர் இரும்பு அயனின் மின்னேற்றம்: நேர் 2. ஒரு தைத்தேனியம் அயன்: நேர் 4. மூன்று ஒட்சிசன்: ஒவ்வொன்றும் மறை 2, மொத்தம் மறை 6. கூட்டினால் பூச்சியம். ஏற்றம் பூச்சியமாகாத சூத்திரம் கனியமாகாது. பிள்ளைகளின் முதல் முயற்சிகள் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே விழுந்துவிடும். விழட்டும்.

இனி ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம். இரும்புக்குப் பதிலாக மகனீசியம் வைத்தால்? அதற்கும் நேர் 2, அயனின் பருமனும் ஏறத்தாழ அதே. கணக்குச் சரி, அடுக்கும் குலையாது. ஒரே குறை, அந்தக் கனியம் ஏற்கனவே இருக்கிறது: கெய்க்கிலைட்டு. அது முதலில் இனங்காணப்பட்டதும் இலங்கைக் கல்லில்தான். இரக்குவானையில் கிடைத்த மாதிரி, 1892இல். மங்கனீசு வைத்தாலும் அப்படித்தான், பைரோபனைட்டு என்று ஒன்று உண்டு. கல்சியம் வைத்தால் கதை மாறும். ஏற்றம் சரிவந்தாலும் கல்சியம் அயன் பெரியது. பழைய அடுக்கில் அது அடங்காது. அமைப்பே மாறி பெரொவ்ஸ்கைட்டு என்ற வேறொரு கனியமாகிவிடும்.

இந்த மூன்று மாற்றங்களையும் கரும்பலகையில் செய்துகாட்ட ஒரு முழுப் பாடவேளை போனாலும் பரவாயில்லை. ஏற்றமும் பருமனும் சேர்ந்துதான் எது எங்கே உட்காரலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன என்பது இதற்குள் அடங்கிவிடுகிறது. தாங்கள் "கண்டுபிடித்தது" ஏற்கனவே இருக்கிறது என்று தெரிந்தால் சில குழுக்கள் சோர்ந்துபோகும். அவர்களின் கணக்குச் சரி என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்று சொல்லுங்கள். பிறகு நான்காம் படியில் எழுதிய உலகத்துக்கு அனுப்புங்கள்: அங்கே அதிகமாகக் கிடைப்பது எது, அரிதானது எது, எதை எதால் மாற்றலாம்?

6. பண்புகளை அமைப்பிலிருந்து எடுங்கள்

காரீயமும் (பென்சிலில் இருக்கும் கிரபைட்டு) வைரமும் இரண்டுமே காபன். போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டியெடுக்கும் காரீயத்தை நகத்தால் கீறலாம். வைரம் மோஸ் அளவில் 10. காரீயத்தில் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டு, தாள்களுக்கிடையே பிணைப்பு வலுவற்றிருக்கிறது. வைரத்தில் எல்லாத் திசையிலும் ஒரே வலுவான பிணைப்பு. எனவே "எங்கள் கனியம் மிகக் கடினமானது" என்று ஒரு குழு எழுதினால், "எத்திசையில், எந்தப் பிணைப்பால்?" என்று கேளுங்கள். தாள் தாளாக உரியும் என்றும் வைரம்போல் வன்மையானது என்றும் ஒரே பக்கத்தில் எழுத முடியாது.

வன்மையைச் செய்து பார்க்கட்டும்: நகம் ஏறத்தாழ 2.5, செப்புக் கம்பி 3, உருக்குக் கத்தியும் கண்ணாடியும் ஏறத்தாழ 5.5, குவார்ட்ஸ் 7. கண்ணாடியில் கீறல் விழுந்ததா, கல்லின் தூள் படிந்ததா என்பதை ஈர விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்ததும் போய்விட்டால் அது கீறல் அல்ல. இதை விட்டுவிடுவதால் பாதி முடிவுகள் பிழைக்கின்றன.

அடர்த்திக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். கதாசிரியர்கள் மறக்கும் பண்பு இது. வகுப்பறையில் மிகச் சரியாக அளக்கக்கூடியதும் இதுவே. கல்லை உலர்வாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதாக அமிழும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ முட்டாதபடி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது கல் இடம்பெயர்த்த நீரின் நிறை. உலர் நிறையை அதனால் வகுத்தால் சாரடர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி). உலர்வில் 13.6 கிராம், நீரில் 3.4 என்று வந்தால் விடை 4.0, அது குவார்ட்ஸாக இருக்க முடியாது, கார்னட்டாக இருக்கலாம்.

கல் அடியில் முட்டினால் அளவீடு கூடி அடர்த்தி குறைந்து காட்டும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலும் அடர்த்தி குறைந்தே காட்டும். மெல்லிய தூரிகையால் தட்டி விடுங்கள். ஐந்து கிராமுக்குக் குறைந்த கல்லை இந்தத் தராசில் அளக்க வேண்டாம், பிழை விடையைக் குழப்பும் அளவுக்குப் பெரிதாகிவிடும்.

அளந்து முடித்த பிள்ளைகளிடம் அவர்களது கற்பனைக் கனியத்தின் அடர்த்தியைக் கேளுங்கள். "நூறு" என்று துணிந்து எழுதியவர்கள் தாங்களே அழிப்பார்கள். நமக்குத் தெரிந்த மூலகங்களில் மிக அடர்த்தியான ஒஸ்மியத்துக்கே 22.6தான். தங்கம் 19.3; ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் அளவு தங்கம் பத்தொன்பது கிலோவைத் தாண்டும். நாயகன் அந்த அளவுக் கட்டியை ஒற்றைக் கையால் தூக்கி எறியும் காட்சிகளைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும்.

நிறத்தைக் கடைசியில் வையுங்கள். குருந்தத்தில் துளி குரோமியம் கலந்தால் மாணிக்கம், இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம். சூத்திரம் ஒன்றுதான். நிறம் பெரும்பாலும் விருந்தாளி; அதை வைத்து வீட்டை அடையாளம் காண முடியாது. டைல்ஸில் விழும் கீற்றின் நிறம் அதைவிட நம்பகமானது: பார்வைக்குக் கறுப்பாயிருக்கும் எமட்டைட்டும் செந்தவிட்டு நிறக் கீற்றையே போடும்.

7. இப்போது அதிசயம், ஒன்றே ஒன்று

இதுவரை பொறுத்திருந்த வகுப்புக்கு இப்போது அனுமதி கொடுங்கள். இரண்டு நிபந்தனைகள்: அதிசயம் ஒன்றுதான், அது உண்மையான ஒரு பண்பின் மிகைப்படுத்தலாக இருக்க வேண்டும்.

உண்மையான பண்புகள் எவ்வளவு விசித்திரமானவை என்பதைக் காட்ட ஒரு சோதனை போதும். வெண்ணிறக் குவார்ட்ஸ் கூழாங்கற்கள் இரண்டை எடுத்து, நன்றாக இருட்டிய அறையில் கண் பழகும்வரை காத்திருந்து, ஒன்றோடொன்று அழுத்தி உரசுங்கள். கல்லுக்குள்ளிருந்து மங்கிய மஞ்சள் ஒளி எழும். தீப்பொறி அல்ல, தண்ணீருக்கடியில் உரசினாலும் வரும். குவார்ட்ஸை அழுத்தினால் மின்னழுத்தம் உண்டாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே குணத்தால்தான் கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் துண்டு செக்கனுக்கு 32,768 தடவை அதிர்ந்து நேரம் காட்டுகிறது. திரையை மூடாமல் அரை இருட்டில் செய்தால் எதுவும் தெரியாது, வகுப்பு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

"முடிவில்லாத சக்தி" என்று வரும் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி: அந்தச் சக்தி எங்கிருந்து உள்ளே வந்தது, எப்போது தீரும்? அழுத்தத்திலிருந்தா, வெயிலிலிருந்தா, கதிர்த்தொழிற்பாட்டிலிருந்தா? பதில் எதுவானாலும் அதற்கு ஒரு விலை இருக்கும். அந்த விலைதான் கதை.

பச்சைக் கல்லைக் கைவிட மறுப்பவர்களுக்கு இரண்டு உண்மைகளை அடுத்தடுத்துச் சொல்லலாம். 2006இல் வெளியான ஒரு சூப்பர்மேன் படத்தில், அவனது வலுவைப் பறிக்கும் கிரிப்டனைட்டுக் கல்லின் பெட்டியின்மேல் ஒரு சூத்திரம் எழுதியிருந்தது: சோடியம், இலிதியம், போரன், சிலிக்கேற்று, ஐதரொட்சைட்டு, கூடவே புளோரீன். அடுத்த வருடம் சேர்பியாவில் கிடைத்த ஒரு புதுக் கனியத்தைப் பகுத்தபோது, புளோரீன் நீங்கலாக அதே சேர்க்கை வந்தது. ஜடாரைட்டு என்று பெயர் பெற்ற அந்தக் கனியம் வெள்ளை நிறம், தூள் போன்றது, கதிர்வீச்சு எதுவும் இல்லை. அதை நாடுவது இலிதியத்துக்காகவும் போரனுக்காகவும்தான். சூத்திரம் ஒத்துப்போனால் சக்தியும் வந்துவிடாது.

இரண்டாவது, கதிர்வீசும் பச்சைக் கல் ஒன்று உண்மையிலேயே உண்டு. இலங்கையில்தான் முதலில் கிடைத்தது. 1953இல் எகலியகொடையில் எடுக்கப்பட்ட எக்கனைட்டு. உள்ளே தோரியம் இருக்கிறது. ஆனால் அது இருட்டில் ஒளிர்வதில்லை; தன் கதிர்வீச்சால் தன் பளிங்கு அடுக்கையே காலப்போக்கில் சிதைத்துக்கொள்கிறது. தன்னைத் தானே உள்ளிருந்து அழிக்கும் ஒரு கல் தயாராக இருக்கும்போது, ஒளிரும் பச்சைக் கல்லோடு ஏன் நிற்க வேண்டும் என்று எனக்கு விளங்குவதில்லை.

8. இடத்தில் வையுங்கள், அட்டை எழுதுங்கள், மாற்றிக்கொடுங்கள்

தனியாக மிதக்கும் கனியம் கிடையாது. அது ஏதோ ஒரு பாறைக்குள், சில அயலவரோடு இருக்கும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அடித்தளம் விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறை. குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், மைக்கா மூன்றும் பட்டை பட்டையாக இருப்பதை வெட்டிய கற்களிலேயே காணலாம். பிள்ளைகள் தங்கள் கனியத்துக்கும் அப்படி மூன்று அயலவரைக் குறிப்பிட வேண்டும்.

குகைக்குள் தூண் தூணாகப் பளிங்குகள் நிற்பது சினிமாவில் அலுத்துப்போன காட்சி. அது நடக்காதது அல்ல. மெக்சிக்கோவின் நைக்கா சுரங்கத்தில் பத்து மீற்றரைத் தாண்டிய ஜிப்சம் பளிங்குகள் இருக்கின்றன. ஏறத்தாழ 58 பாகைச் சூட்டில், நீர் நிறைந்த குகையில், வெப்பநிலை அசையாமல் நின்றதால் மிக நீண்ட காலத்தில் மெல்ல வளர்ந்தவை. உங்கள் குகைக்கும் அந்த நீரும் நேரமும் கிடைத்தனவா என்று கேட்டால் போதும்.

பிறகு அடையாள அட்டை: சூத்திரம், வன்மை, சாரடர்த்தி, கீற்று நிறம், பிளவு (எந்தத் தளத்தில் உடையும் என்பது), காந்தம், அயலவர், ஓர் அதிசயம். இவற்றுக்குக் கீழே, பார்வைக்கு இதுபோலவே இருக்கும் உண்மையான இரண்டு கனியங்களும், அவற்றிலிருந்து இதைப் பிரித்தறியும் சோதனையும். இந்தக் கடைசி வரியில்தான் எல்லாரும் திணறுவார்கள். ஏன் கேட்கிறோம் என்றால், தவிட்டுநிற ஒலிவீன் என்று இரத்தினக்கல் வணிகத்தில் நெடுங்காலம் கைமாறிய இலங்கைக் கல், 1952இல்தான் முற்றிலும் வேறொரு கனியம் என்று தெரியவந்தது. அதன் பெயர் சின்ஹலைட்டு. கண் ஏமாந்த இடத்தை அளவீடுகள் பிடித்தன.

அட்டைகளைக் குழுக்களுக்கிடையே மாற்றிக்கொடுங்கள். அதிசயத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். மற்றக் குழு, அட்டையில் உள்ள சோதனைகளை மட்டும் கொண்டு அந்தக் கனியத்தை அடையாளம் காண முடியுமா, அதன் எண்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்று சொல்ல வேண்டும். முரணைக் கண்டவருக்குப் புள்ளி. முரணைத் திருத்தியவருக்கும் புள்ளி. ஆசிரியர் தானே திருத்தத் தொடங்கினால் வகுப்பு பேனாவைக் கீழே வைத்துவிடும்.

9. பெயர்

பத்து நிமிடம் போதும். உண்மையான கனியங்களுக்கு அனைத்துலகக் கனியவியல் சங்கத்தின் ஆணைக்குழு ஒப்புதல் தர வேண்டும்; கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்ள முடியாது. இடத்தின் பெயரை, மூலகத்தின் பெயரை, இன்னொருவரின் பெயரை வைக்கலாம். இந்த விதியைச் சொன்னதும் பாதிப் பெயர்கள் அடிபடும். அதன் பிறகு வாகரைட்டும் பொத்துவிலைட்டும் வரும், வரட்டும்.

10. கதையும் புள்ளியும்

கடைசிப் பாடவேளையில் இருநூறு சொற்களில் ஒரு காட்சி. கனியத்தை ஒருவர் முதல் தடவை கையில் எடுக்கும் காட்சியாக இருக்கட்டும். அட்டையில் உள்ள மூன்று பண்புகளாவது உடலால் உணரப்பட வேண்டும்: பாரம், கீறல், குளிர்ச்சி, உடையும் விதம். "இதன் அடர்த்தி 6.1" என்று பாத்திரம் பேசினால் புள்ளி இல்லை. "எதிர்பார்த்ததைவிடக் கை தாழ்ந்தது" என்றால் உண்டு.

நூறு புள்ளிகளில் சூத்திரத்துக்கும் ஏற்றக் கணக்குக்கும் 25, பண்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு 30, பிரித்தறியும் சோதனைக்கு 25, காட்சிக்கு 20 என்று பிரிக்கலாம். அதிசயத்துக்குத் தனிப் புள்ளி வேண்டாம். கொடுத்தால் அடுத்த முறை வகுப்பு மறுபடியும் அதிலிருந்தே தொடங்கும்.

வலிய காந்தங்களை எண்ணித் திரும்ப வாங்குங்கள். சிறு பிள்ளைகள் விழுங்கினால் ஆபத்து, தொலைபேசிக்கு அருகிலும் வைக்கக்கூடாது. மிஞ்சிய மணலை எடுத்த கடற்கரையிலேயே கொட்டுங்கள். வகைக்கு ஒரு சிட்டிகையை மட்டும் சிறு போத்தல்களில் இட்டு, பெயரும் இடமும் திகதியும் எழுதி வைத்தால் அடுத்த வருட வகுப்புக்கு ஒப்பீட்டு மாதிரி தயார்.